இரட்டை அழகு உயிருக்கு ஆபத்து! கொண்டைப் பல்லியின் வர்ண ரகசியம்

பல்லிக்கு இமை மயிர் உண்டா?

இந்தப் பல்லியைப் பார்த்தால், உண்டு என்றுதான் சொல்லத் தோன்றும். கண்ணுக்கு மேலே முள் முள்ளாக ஒரு வரிசை. அது தலையின் இரு பக்கமும் ஓடி முதுகில் இறங்குகிறது. ஆகவே, இதைக் "கொண்டைப் பல்லி" என்று சொல்லலாம்.

இதன் சொந்த ஊர், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் சமுத்திரத்தில் உள்ள நியூ கலிடோனியா தீவு. அது பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட இடம்.

1866-ம் ஆண்டில் கிஷெனோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இந்தப் பல்லியைப் பற்றி எழுதினார். பிறகு வெகு காலம் இது விஞ்ஞானிகளின் கண்ணில் படவில்லை. "பூண்டோடு அழிந்துவிட்டது" என்றே நினைத்தார்கள். 1994-ம் ஆண்டில் மீண்டும் அகப்பட்டது!

இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல வீடுகளில் இது செல்லப் பிராணி. கண்ணாடிப் பெட்டியில் வசிக்கிறது. பழக்கூழை நக்கித் தின்கிறது.

நம் வீட்டுப் பல்லிக்கு வால் அறுந்தால் மறுபடியும் முளைக்கும். இதற்கு முளைக்காது. போனது போனதுதான்!

எத்தனை நிறம்!

சிவப்பு, மஞ்சள், பழுப்பு, சந்தன நிறம் என்று பல வர்ணங்களில் இது இருக்கிறது. சிலவற்றின் உடம்பில் கறுப்புப் புள்ளி. சிலவற்றின் முதுகில் கோடு.

இரவில் நிறம் அழுத்தமாகும். பகலில் வெளுக்கும். குஞ்சு வளர வளர நிறம் மாறுவதும் உண்டு. ஆகையால், குஞ்சை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது. அதன் தாய், தகப்பனையும் பார்க்க வேண்டும்.

பட்டாணி சொன்ன பாடம்

கொண்டைப் பல்லி உலகுக்குத் தெரிய வந்த அதே 1866-ம் ஆண்டில், ஆஸ்திரியாவில் மெண்டல் என்ற பாதிரியார் ஒரு கட்டுரை வெளியிட்டார். பட்டாணிச் செடிகளை வளர்த்து அவர் கண்ட உண்மை அதில் இருந்தது.

உண்மை இதுதான்: ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு பங்கு உண்டு. ஒன்று தகப்பன் கொடுப்பது. மற்றொன்று தாய் கொடுப்பது. இந்தப் பங்கைத்தான் இன்று "மரபணு" என்கிறோம்.

மஞ்சளும் சிவப்பும் இல்லாத சாம்பல் நிறப் பல்லி ஒன்று உண்டு. இந்த நிறம் தெரிய இரண்டு பங்கும் வேண்டும். ஒரு பங்கு மட்டும் இருந்தால் ஒளிந்துகொள்ளும்.

தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று ஒளிந்திருந்தால்? இரண்டு காசுகளைச் சுண்டிப் பாருங்கள். இரண்டிலும் தலை விழுவது, சராசரியாக நான்கு தடவைக்கு ஒரு தடவை. அப்படியே நான்கு குஞ்சுகளுக்கு ஒன்று சாம்பலாக இருக்கும்.

எல்லா நிறமும் இப்படிச் சுலபக் கணக்கில் அடங்குவதில்லை. கோடு, புள்ளி போன்றவற்றில் பல மரபணுக்களுக்குக் கை உண்டு. மனிதனின் உயரத்தைப் போல! தாய், தகப்பனின் சாயல் வரும். எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது.

வெள்ளை அழகி

"லில்லி ஒயிட்" என்ற வகைக்கு மவுசு அதிகம். பக்கமெல்லாம் பளீரென்று வெள்ளை. இந்த அழகுக்கு ஒரு பங்கே போதும்.

"தாயும் வெள்ளை, தகப்பனும் வெள்ளை என்றால் குஞ்சு இன்னும் அழகாக இருக்குமே!" என்று தோன்றும்.

அங்கேதான் ஆபத்து!

இரண்டு பங்கும் சேர்ந்த குஞ்சு பிழைப்பதில்லை. பெரும்பாலும் முட்டைக்குள்ளேயே மடிந்துவிடுகிறது. இந்தப் பல்லி ஒரு தடவைக்கு இரண்டு முட்டைதான் இடும். பொரிக்க இரண்டு, மூன்று மாதம் ஆகும். இத்தனை நாள் காத்திருந்தும் பலன் இல்லை.

கணக்குப் போடுவோம். வெள்ளையோடு வெள்ளை சேர்ந்து 100 முட்டை என்றால், சராசரியாக 50 வெள்ளை, 25 சாதாரணம், 25 சாவு.

வெள்ளையோடு சாதாரணப் பல்லி சேர்ந்தால்? 50 வெள்ளை, 50 சாதாரணம். இரட்டைப் பங்குச் சாவு ஒன்றுகூட இல்லை!

இரண்டிலும் வெள்ளைக் குஞ்சு 50 தான். 25 உயிரைப் பலி கொடுத்தும் ஒரு வெள்ளைக் குஞ்சுகூட அதிகம் கிடைக்கவில்லை!

எலுமிச்சை நிறமும் கட்டியும்

இன்னொரு செல்லப் பிராணியான சிறுத்தைப் பல்லியில் "லெமன் பிராஸ்ட்" என்ற எலுமிச்சை நிற வகை தோன்றியது. இதற்கும் ஒரு பங்கே போதும். ஆனால், அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில் வெள்ளைக் கட்டிகள் வந்தன. அந்த நிறத்துக்கும் கட்டிக்கும் தொடர்புள்ள மரபணுவை அமெரிக்க விஞ்ஞானிகள் 2021-ம் ஆண்டில் அறிவித்தார்கள்.

ஆகவே, பல்லி வாங்குகிறவர் "என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இதன் தாய் எது? தகப்பன் எது?" என்றும் கேட்க வேண்டும். ஜோடி சேர்க்கிறவரோ, முட்டைக்கு முன்னால் கணக்கைப் பார்க்க வேண்டும்.