மெருகில் தொலையும் டிரம் செட்டுகள்

பழைய டிரம் செட்டுகளைத் தேடி வாங்கிப் புதுப்பித்து விற்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. பீட்டில்ஸ் குழுவின் டிரம் கலைஞர் 1963இல் வாங்கி வாசித்த செட் ஒன்று, 2015 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் நடந்த ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனதை இத்தொழிலின் உச்சம் எனலாம். 1964 பிப்ரவரி 9 அன்று நியூயார்க்கிலிருந்து ஒளிபரப்பான அக்குழுவின் நிகழ்ச்சியை 7 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்ததை அடுத்து, அதே வகைச் செட் வேண்டும் என்று இளைஞர்கள் கடைகளை மொய்க்க, அதைத் தயாரித்த சிகாகோ தொழிற்சாலை இரவும் பகலும் இயங்க நேர்ந்தது. அக்காலத்தில் வீடுகளுக்குள் நுழைந்த செட்டுகளே இன்று பரணிலிருந்து இறங்கிச் சந்தைக்கு வருகின்றன. சந்தைக்கு வருமுன் அவற்றுக்கு என்ன நேர்கிறது என்பதுதான் கவலைக்குரியது.

இத்துறையில் இரண்டு செயல்கள் ஒன்றாகவே எண்ணப்பட்டுக் குழப்பப்படுகின்றன. தேய்ந்த பாகத்தை மாற்றி, நிறம் மங்கிய பரப்பை மெருகேற்றிக் கருவியைப் புதியதுபோல் ஆக்குவது புதுப்பித்தல்; இருக்கும் நிலை மேலும் கெடாதவாறு தடுத்து, செய்த வேலை எதுவாயினும் பின்னொரு நாள் அதை நீக்கிப் பழைய நிலைக்கே திரும்பும் வழியை விட்டுவைப்பது பாதுகாத்தல். முன்னதற்கு உடனே விலை கிடைக்கிறது. பின்னதன் பயன் அடுத்த தலைமுறைக்கே தெரியவரும். ஆகவே பட்டறைகள் முன்னதன் பக்கமே சாய்கின்றன.

டிரம்மின் உடலாகிய உருளை வடிவக் கூட்டை ஷெல் என்பர். 1930களின் உயர்தர ஸ்நேர் டிரம்களில் (அடிமுகத்தில் கம்பிச்சரம் இழுத்துக் கட்டியவை) ஒரே மேப்பிள் பலகையை நீராவியில் பதப்படுத்தி வளைத்து ஷெல் செய்தனர். 1950, 60களில் மஹோகனி அல்லது மேப்பிள், நடுவே பாப்லர் என்று மூன்று மெல்லிய அடுக்குகளை ஒட்டி, வட்டம் கோணாதிருக்க மேலும் கீழும் உட்புறமாக மரவளையம் பொருத்தினர். இந்த ஷெல்லின் விளிம்பில்தான் வாசிக்கும் முகமாகிய ஹெட் அமர்கிறது என்பதால், விளிம்பு எந்தக் கோணத்தில் சீவப்பட்டிருக்கிறது, எவ்வளவு உருண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒலி கூர்மையாகவோ குழைவாகவோ அமைகிறது. விளிம்பைச் சோதிக்கும் முறை எளியது: சமதளமான கல்பலகை மேல் ஷெல்லைக் கவிழ்த்து, உள்ளே விளக்கை ஏற்றி, அறையை இருட்டாக்கினால், விளிம்பு பள்ளமான இடத்தில் மட்டும் ஒளி கீற்றாகக் கசியும். அந்தக் கீற்றைக் கண்டதுமே பலர் இயந்திரத்தை எடுத்து விளிம்பு முழுவதையும் புதிதாகச் சீவிவிடுகின்றனர். சீவினால் ஸ்ருதி சேர்ப்பது எளிதாகிறது என்பது உண்மையே. ஆனால் அந்த டிரம்மை எதற்காக விலைகொடுத்து வாங்கினரோ, அந்தப் பழைய உருண்ட விளிம்பின் ஒலி மரத்தூளோடு சேர்ந்து போய்விடுகிறது.

இதனினும் கொடியது துளை. 1970களில் ராக் இசையின் ஓசை பெருகியபோது, பழைய தாங்கிகள் போதாமல், கனமான இரும்புத் தாங்கிகளைப் பொருத்துவதற்காக நல்ல ஷெல்களில் புதிய துளைகள் போடப்பட்டன. செட்டின் நடுத்தர டிரம்களான டாம்-டாம்களின் அடிப்பக்க ஹெட்டைக் கழற்றி எறிந்து ஒற்றை முகத்தோடு வாசிப்பதும் அந்நாளைய மோஸ்தராக இருந்தது. அந்தத் தலைமுறை செய்த தவற்றை இந்தத் தலைமுறை வேறு பெயரில் தொடர்கிறது. துளையை மரக்கட்டையால் அடைத்து மேலே புதிய உறை ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாது என்பர். உள்ளே பார்த்தால் தெரியும். ஷெல்லின் உட்புறத்தில் சிவப்பு மையில் குத்தப்பட்ட தயாரிப்புத் தேதி, தொழிற்சாலையின் தாள் ஒட்டு, அக்காலத்தில் பூசிய வெள்ளை வண்ணம் ஆகியவையே ஒரு டிரம்மின் பிறப்புச் சான்றுகள். அடைப்பு வேலையை மறைப்பதற்காக உட்புறத்தைத் தேய்த்து வார்னிஷ் பூசும்போது அந்தச் சான்றுகளும் அழிகின்றன.

ஷெல்லின் மேல் ஒட்டப்பட்ட முத்துப்போல் மின்னும் உறை செல்லுலாய்டு வகையைச் சேர்ந்தது. அதன் பழைய வடிவமான நைட்ரேட் செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றக்கூடியது. மூப்படையும்போது அமிலத்தன்மையுள்ள வாயுவை வெளியிடுவதால், மூடிய பெட்டியில் நெடுங்காலம் கிடக்கும் டிரம்மின் உலோகப் பாகங்களும் அரிக்கப்படுகின்றன. வெண்முத்து உறை பழுத்து மஞ்சளாவதும், சுருங்கி ஒட்டுவாய் பிளப்பதும் அதன் இயல்பு. பிளந்த இடத்தை மட்டும் ஒட்டிக் காற்றோட்டமான இடத்தில் வைத்தாலே பெரும்பாலும் போதுமானது. ஆனால் மஞ்சள் நிறம் அழுக்கு என்று கருதப்பட்டு, வெப்பக் காற்றால் உறை முழுவதும் உரிக்கப்படுகிறது. அப்போது மரத்தின் மேலடுக்கும் சேர்ந்து உரிந்துவருவதுண்டு. நைட்ரேட் உறையாயின் தீ விபத்துக்கும் இடமுண்டு.

உலோகத்திலும் இதே கதைதான். 1960களின் தொடக்கம் வரை அமெரிக்க டிரம்களின் உலோகப் பாகங்களுக்கு நிக்கல் முலாமும், அதன்பின் குரோம் முலாமும் பரவலாக இடப்பட்டன. மங்கிய நிக்கலைச் சுரண்டிக் குரோம் ஏற்றினால் காலக் கணிப்புக்கு உதவும் தடயம் போய்விடும். அலுமினிய ஷெல் மேல் குரோம் இட்ட ஸ்நேர் டிரம்களில் சிறு சிறு குழிகள் தோன்றுவது எல்லோரும் அறிந்த குறை. இரும்பு நாரால் தேய்த்தால் குழி மறையாது, முலாம்தான் உரியும். ஹெட்டை இறுக்கும் திருகு பொருந்தும் சிறு பெட்டிக்கு லக் என்று பெயர். அதைக் கழற்றினால் துத்தநாகக் கலவை வார்ப்புக்குள் ஒரு சுருள்வில், ஒரு மரை, சுருள்வில் அதிர்ந்து ஒலிக்காதிருக்கத் திணித்த கம்பளத் துண்டு ஆகியவை இருக்கும். கம்பளம் ஈரத்தை உறிஞ்சிச் சுருள்வில்லைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், அதை மட்டும் மாற்றுவது உண்மையான பராமரிப்பு. செட்டின் உலோகத் தட்டான சிம்பலோ, உயர்தரமானதாயின், பெரும்பாலும் 80 விழுக்காடு செம்பும் 20 விழுக்காடு வெள்ளீயமும் கலந்த வெண்கலம். காலம் பூசிய கருமையைப் பாலிஷ் போட்டு நீக்குவோர், அதன் பரப்பில் கடைந்த நுண்வரிகளையும் முத்திரையையும் சேர்த்தே தேய்த்துவிடுகின்றனர்.

புதுப்பிக்கும் ஆர்வம் வரலாற்றை அழித்ததற்குப் போர்க்கால டிரம்கள் தெளிவான சான்று. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 முதல், அமெரிக்க இசைக்கருவிகளின் எடையில் உலோகம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு விதிக்கப்பட்டதால், லக்குகளை மரத்திலேயே செதுக்கிப் பொருத்தினர். போர் முடிந்ததும் பல உரிமையாளர்கள் அவற்றைக் குறையுடைய பொருளாகக் கருதி, மரத்தை எடுத்துவிட்டு உலோகம் பொருத்திக்கொண்டனர். மாற்றப்படாது தப்பியவற்றைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகின்றனர்.

ஹெட் மட்டும் இந்த வாதத்துக்கு விலக்கு. 1950களின் பிற்பகுதியில் பாலியெஸ்டர் ஹெட் சந்தைக்கு வரும்வரை கன்றுத்தோலே பயன்பட்டது. பறையைத் தீயில் காய்ச்சி இறுக்குவதுபோல, மழைநாளில் தொய்ந்த தோலை வெப்பம் காட்டி இறுக்கவேண்டியிருந்தது. தேய்ந்துபோகும் பாகமான ஹெட்டை மாற்றுவதால் டிரம்முக்கு இழுக்கில்லை. கழற்றிய தோலை எறியாமல் வைத்திருந்தால் போதும்.

வாசிக்கப்படாத கருவி வெறும் மரப்பெட்டி என்று கலைஞர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வாசிப்பதை எவரும் தடுக்கவில்லை. வாசிப்பதற்காக அறுக்கவும் துளையிடவும் தேவையில்லை என்பதே வாதம். டாமைச் சுற்றிலும் அணைத்துத் தாங்கும் வளையங்கள், துளையின்றியே அதை நிறுத்தும் தனித் தாங்கிகள் ஆகியவை இன்று எளிதில் கிடைக்கின்றன.

எனவே பழைய டிரம் செட் வைத்திருப்போர் முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் குறிப்பெழுதிப் பையில் இட்டு, ஈரமும் வெயிலும் மிகாத அறையில் கருவியை வைக்கட்டும். வாங்குவோர், எவை மாற்றப்பட்டன என்ற பட்டியலைக் கேட்டு வாங்கட்டும். அந்தப் பட்டியல் இல்லாமல் பளபளக்கும் செட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பவரே அடுத்த துளைக்கும் கூலி கொடுக்கிறார்.