பெலும் குகையும் நமது கிணறும்

நாமக்கல் மலைப்பாறையைக் குடைந்து, கி.பி. எட்டாம் நூற்றாண்டளவில் அதியமான் மரபினர் அமைத்த நரசிம்மர், அரங்கநாதர் கோயில்களைச் சேலம், நாமக்கல் சமவெளியில் அறியாதார் இலர். அவை உளி குடைந்த குகைகள். உளியின்றித் தண்ணீரே குடைந்த குகைகளும் உண்டு. அவற்றைக் காண விரும்புவோர் ஆந்திர மாநிலம் நந்தியால் மாவட்டத்திலுள்ள பெலும் என்னும் சிற்றூருக்குச் செல்லலாம். பெங்களூரு, அனந்தப்பூர் வழியாகத் தாடிபத்திரியை அடைந்தால், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் அக்குகை இருக்கிறது.

சங்ககிரிப் பகுதியிலும் சுண்ணாம்புக்கல் உண்டே, அங்கு இத்தகைய குகை ஏன் தோன்றவில்லை என்று சிலர் வினவக்கூடும். சங்ககிரிக் கல் பூமியின் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. வேறு கடும்பாறைகளின் நடுவே குறுகிய பட்டைகளாக அமைந்தது. பெலும் வட்டாரத்திலோ சுண்ணாம்புக்கல் அடுக்கடுக்காகப் பரந்து கிடக்கிறது. நம் இல்லங்களின் சமையலறை மேடைக்கும் அலமாரிக்கும் பயன்படும் கடப்பைக்கல் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

மழைநீர் மண்ணினூடே இறங்கும்போது கரியமில வாயுவை ஏற்று, மெல்லிய அமிலத் தன்மை பெறுகிறது. அந்நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் புகுந்து, கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. நெடுங்காலத்தில் வெடிப்பு வழியாகிறது, வழி மண்டபமாகிறது. பின்னர், கூரையில் கசியும் ஒவ்வொரு துளியும் தன்னிடமுள்ள வாயுவை இழந்து, சுண்ணாம்பைப் படியவிடுகிறது. இவ்வாறு மேலிருந்து தொங்குவது கல்விழுது. கீழிருந்து எழுவது கல்முளை. இவை ஒரு விரற்கடை அளவு வளர்வதற்கே நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகக்கூடும். ஆதலின் காண்போர் அவற்றைத் தட்டுதலும் ஒடித்தலும் ஆகா.

இக்குகையைப் பற்றி 1884-ஆம் ஆண்டில் குறிப்பு எழுதியவர் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர். ஓய்வுபெற்றபின் நமது ஏற்காட்டில் குடியிருந்தவர் அவரே. 1982 முதல் 1984 வரை ஜெர்மானிய ஆய்வாளர் குழு ஒன்று குகையை விரிவாக ஆராய்ந்தது. இதன் நீளம் 3,229 மீட்டர். அதில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை மக்கள் சென்று காணலாம். படிகளில் இறங்கியதும் வெப்பமும் புழுக்கமும் தோன்றும். ஆயினும் உள்ளே காற்றுச் செலுத்தவும், விளக்கொளி கிடைக்கவும் ஏற்பாடு உண்டு. ஆலமரம் விழுது விட்டாற்போன்ற தூணும், நாகப் படங்கள் விரிந்தாற்போன்ற கூரையும், கோடிலிங்கம் எனப்படும் அறையும் காணத்தக்கவை. நுழைவாயில் மட்டத்துக்கு 46 மீட்டர் கீழே பாதாள கங்கை என்னும் சிற்றோடை ஓடி, பாறைக்குள் மறைகிறது. அந்நீர் பெலும் கிராமத்துக் கிணற்றைச் சென்று சேர்வதாக அவ்வூர் மக்கள் நம்புகின்றனர்.

இத்துணைச் சிறப்புடைய குகை ஒரு காலத்தில் சுற்றுப்புறத்தாரின் குப்பைக்குழியாக இருந்தது என்றால் நம்புவது அரிது. அவ்வூர் மக்கள் சிலரும் காவல்துறை அலுவலர் சிலரும் எடுத்த முயற்சியால் நிலைமை மாறிற்று. 1999-இல் ஆந்திரச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பணியை மேற்கொண்டு, கழிவுகளை அகற்றிப் பாதையும் விளக்கும் அமைத்தது. 2002-இல் குகை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று தொலைதூரத்திலிருந்தும் மக்கள் அதனைக் காண வருகின்றனர்.

திரும்பும் வழியில் தாடிபத்திரியில் பெண்ணையாற்றங்கரையிலுள்ள புக்க இராமலிங்கேசுவரர் கோயிலையும் தரிசிக்கலாம். விசயநகர காலத்துச் சிற்பங்கள் நிறைந்தது அது. தெலுங்கில் 'புக்க' என்றால் ஊற்று. இலிங்கத்தின் அடியில் நீர் ஊறுவதால் அப்பெயர் வந்தது.

இப்பயணத்தினின்று நாம் கொண்டுவர வேண்டிய படிப்பினை ஒன்றுண்டு. சுண்ணாம்புக் குகையில் இட்ட கழிவு, மண்ணில் வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரைச் சேர்ந்துவிடும். சேலம், நாமக்கல் சமவெளியில் குகை இல்லை. ஆனால் நம் கடும்பாறையிலும் நீர் வெடிப்புகளின் வழியேதான் ஓடுகிறது. வற்றிய கிணற்றையும், கைவிட்ட கல்குழியையும் குப்பை கொட்டும் இடமாக்கினால், அடுத்த மழையில் அக்கழிவின் சாறு அண்டைத் தோட்டத்துக் கிணற்றுக்கு வழி தேடும்.

ஆகவே ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குட்பட்ட பாழ்கிணறுகளைக் கணக்கெடுத்தல் நலம். குப்பையை அகற்றி, கைப்பிடிச் சுவர் எழுப்பி, வண்டல் தங்கும் தொட்டியின் வழியாகத் தெளிந்த மழைநீரை மட்டும் உள்ளே விடலாம். பயனற்ற ஆழ்துளைக் கிணறுகளை உடனே மூடிவிடுதல் வேண்டும். சிறுவர்களின் உயிர்க்காப்புக்கும் அது இன்றியமையாதது. கிராம சபையில் இதற்கென ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் பணி எளிதாகும். பெலும் மக்கள் குப்பையை அகற்றியபோது ஒரு குகையை மீட்டனர். நாம் அகற்றினால் நமது குடிநீரை மீட்போம்.