வேலைத்தலத்து ஆபத்தை முற்கூட்டி அறிவித்தல்

தொழிற்சாலையிலுள்ள இயந்திரங்களின் பாதுகாப்பைப் பரிசோதிப்பதற்கு 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் அதிகாரிகள் உளர். வயல்வரம்புக்கோ மரக்கறித் தோட்டத்துக்கோ அவ்வாறு எவரும் வருவதில்லை. அங்கு வேலை செய்பவரே பரிசோதகர். அவர் கண்டதைச் சொல்லாதுவிடின், கருவிக்குரிய கமக்காரர் பழுதை அறிவது பெரும்பாலும் ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற பின்னரே.

முதுகிற் சுமக்கும் தெளிகருவியை எடுத்துக்கொள்வோம். 16 லீற்றர் தாங்கியை நிரப்பினால், கருவியின் நிறையுஞ் சேர்ந்து 20 கிலோகிராமளவு சுமை தோளில் ஏறும். மூடியின் இறப்பர் வளையம் தேய்ந்திருப்பின், நடக்குந்தோறும் கரைசல் தளம்பி முதுகில் வழியும். கூலிக்குத் தெளிப்பவர் முதலில் அதனை வியர்வையென எண்ணுவர்; கசிவென்று உணர்ந்தவரும், இன்னும் இரண்டு தாங்கிதானே என்று வேலையை முடித்துவிடுவர். ஓகனோபொசுபரசு வகைப் பீடைநாசினிகள் வாயாலும் மூச்சாலும் மாத்திரமன்றித் தோலூடாகவும் உடலிற் சேர்வன. நனைந்த சட்டை தோலோடு ஒட்டியிருக்குமளவும் நஞ்சு உட்செல்லும். தலையிடி, மிகுந்த வியர்வை, வாயூறல், வயிற்றுவலி, கண்மங்கல், தசைத்துடிப்பு என்பன அதன் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே வேலையை நிறுத்திச் சட்டையைக் களைந்து, சவர்க்காரமிட்டு உடலைக் கழுவி, போத்தலின் சுட்டுத்துண்டோடு வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

அவர் ஏன் சொல்லவில்லை? சொன்னால் அன்றைய வேலை நின்றுவிடும். வேலை நின்றால் கூலியும் நின்றுவிடும். இந்த அச்சத்தை நீக்குவது கமக்காரரின் பொறுப்பாகும். பழுதைச் சொன்னமையால் வேலை தடைப்பட்ட நாளுக்கும் கூலி உண்டென்று முதலிலேயே கூறிவிட்டால் ஒருவரும் மறைக்கமாட்டார். இறப்பர் வளையத்தின் விலை அரைநாட் கூலிக்கு எவ்வளவோ குறைவு.

அறிவிக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. “மெசின் சரியில்லை” என்று பொதுப்படச் சொல்வதாற் பயன் சிறிது. மூடியிலா, குழாய்ப் பொருத்திலா, திறவுப்பிடியிலா கசிவு என்பதைக் காட்டுதல் வேண்டும். அதன்பின் கருவியை மற்றவற்றோடு சேர்த்து வைக்காது, சிவப்புத்துணி கட்டி வேறாக வைக்கவேண்டும்; அன்றேல் மறுநாட் காலையில் வேறொருவர் அறியாது அதனையே தோளில் மாட்டிக்கொள்வார். தெளிக்குமுன் வெறுந்தண்ணீரை நிரப்பி அடித்துப் பார்த்தால், இக்குறைகள் யாவும் மருந்து கலக்கு முன்னரே வெளிப்படும்.

சுட்டுத்துண்டில்லாத போத்தலும், சோடாப் போத்தலில் ஊற்றிவைத்த மருந்தும் இவ்வாறே அறிவிக்கத்தக்க ஆபத்துக்கள். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெறாத பீடைநாசினியை விற்றல் குற்றமாகும். அத்தகைய போத்தலைக் கண்டவர் பிரதேச விவசாயப் போதனாசிரியருக்குத் தெரிவிக்கலாம். என்ன மருந்தென்று அறியாது தெளிக்க மறுப்பவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லுதல் முறையன்று.

கிணற்றடியில் ஆபத்து இன்னும் விரைவானது. நீர்மட்டம் ஏறத்தாழ 7 மீற்றருக்குக் கீழே போனால் மேலே வைத்த பம்பு நீரை உறிஞ்சுவது கடினமாகும். ஆகவே வரட்சிக் காலத்திற் சிலர் எண்ணெயில் ஓடும் இயந்திரத்தைக் கிணற்றினுள்ளே இறக்குவர். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. கிணற்றினுள் தங்கி ஆளை மயக்கிக் கொல்லும். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் மாண்டுபோவதுண்டு. கீழே நிற்பவர் தலைச்சுற்றென்று ஒரு சொற் சொன்னாலும் மேலே நிற்பவர் உடனே அவரை வெளியேற்றவேண்டும். அவர் விழுந்துவிட்டால் எவரும் பின்னால் இறங்காது, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து உதவி பெறுதல் வேண்டும். இயந்திரத்தைக் கிணற்றில் இறக்காது, நீரில் மூழ்கி இயங்கும் மின்பம்பைப் பொருத்துவதே உத்தமம்.

காட்டுப்பன்றியைத் தடுக்க வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியிற் பாய்ச்சுவோரும் உளர். இது சட்டவிரோதம். அயலவர் மனம் நோகுமென்று கண்டவர் பேசாதிருப்பின், இரவில் தண்ணீர் பார்க்கச் செல்பவரே பலியாவார். மின்சார சபைக்கும் கிராம அலுவலருக்கும் அறிவிக்கலாம்.

இறுதியாக எலிக்காய்ச்சல். 2008 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 7,000 க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாக அறிவிக்கப்பட்டது. 200 க்கு மேற்பட்டோர் மாண்டனர். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீர் காலிலுள்ள சிறுபுண்வழியே நோயை ஏற்றும். வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தெரிவித்து, தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டறிதல் நன்று. வயல்வேலை செய்து ஓரிரு கிழமைகளுட் காய்ச்சலும் கெண்டைக்கால் தசைநோவும் கண்டால், வைத்தியர் கேட்குமளவும் காத்திராது, தாம் எப்போது எந்த வயலில் நின்றார் என்பதை நோயாளி தாமே முதலிற் சொல்லவேண்டும்.