கையளவு யந்திரம் – 11: காந்தத்தைக் கட்டிய நூல்

மோட்டாரின் மேல் அச்சிட்டிருக்கும் ‘கேவி’ என்னும் எண், ஒரு வோல்ட்டுக்கு அது சுமையின்றி நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுழலும் என்பதைத்தான் தெரிவிக்கிறது, அதன் வலிமையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். லிப்போ செல் ஒன்று பெயரளவில் 3.7 வோல்ட், நிரம்பியபோது 4.2 வோல்ட் என்பதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம் பேட்டரியை எடுத்துக்கொள்வதாக வாக்களித்திருந்தேன். எழுத உட்காருமுன் பழைய மோட்டார் ஒன்றைப் பிரித்துப் பார்க்க நேர்ந்ததால் அந்த வாக்குக்குச் சற்றுப் பங்கம் வந்துவிட்டது.

முதலில், மோட்டார் தேர்வு செய்வோருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விதி. ஒரே வேகத்தை இரண்டு வழிகளில் அடையலாம்: குறைந்த வோல்ட்டும் மிகுந்த கேவியும் ஒரு வழி, மிகுந்த வோல்ட்டும் குறைந்த கேவியும் மற்றொன்று. ரேடியோவால் இயக்கும் சிறு கார் ஒன்று 1500 வாட் கேட்கிறது என்று கொள்வோம். மூன்று செல் அடுக்கிய 11.1 வோல்ட் பேட்டரியிலிருந்து அதைப் பெற 135 ஆம்பியர் ஓட வேண்டும். ஆறு செல் அடுக்கிய 22.2 வோல்ட்டிலிருந்து பெற 68 ஆம்பியர் போதும். கம்பியில் பிறக்கும் உஷ்ணம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், ஓட்டம் பாதியானால் கம்பியிலும் கனெக்டரிலும் ஈ.எஸ்.சி. எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலும் உஷ்ணம் நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. மோட்டாருக்குள் மட்டும் இந்த லாபம் இல்லை. கேவியைப் பாதியாக்க வேண்டுமானால் கம்பிச் சுற்றுக்களை இரட்டிப்பாக்கி, அதே இடத்துக்குள் அடங்கும்படி கம்பியை மெல்லியதாக்க வேண்டும். அதனால் மின்தடை நான்கு மடங்காகி, பாதி ஓட்டத்தால் கிடைத்த ஆதாயத்தைச் சரிக்குச் சரி விழுங்கிவிடுகிறது. ‘கேவி குறைந்த மோட்டார் சூடாகாது’ என்று பொதுப்படையாகச் சொல்லப்படுவதில் இந்த நுட்பம் விடுபட்டுப் போகிறது. ஆயினும் வேகக் கார்களில் முதலில் கருகுவது பெரும்பாலும் ஈ.எஸ்.சி.யும் கனெக்டருமேயாதலால், செல்களைக் கூட்டி கேவியைக் குறைப்பதே நல்ல வழி என்பது என் உறுதியான அபிப்பிராயம். மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும் காராகவே 2011இல் கடைக்கு வந்த டிராக்ஸஸ் எக்ஸ்ஓ-1, மூன்று செல் பேட்டரிகள் இரண்டை வரிசையாக இணைத்துக்கொண்டு, வெறும் 1650 கேவி மோட்டாரோடுதான் ஓடிற்று.

அந்த 160ஐ இரட்டிப்பாக்க விரும்புபவர் காற்றோடு போராட வேண்டும். காற்றைப் பிளக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் கனத்தைப் பொறுத்து ஏறுவதால், அதே வடிவமுள்ள கார் இரண்டு மடங்கு வேகம் போக எட்டு மடங்கு சக்தி வேண்டும். 2014 அக்டோபர் 25ஆம் தேதி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் செயின்ட் ஜார்ஜ் நகரில் நிக் கேஸ் என்பவர் தாமே அமைத்த காரை மணிக்கு 325.12 கிலோமீட்டர் வேகத்தில், வினாடிக்கு 90 மீட்டராக, ஓட்டிக் கின்னஸ் சாதனை படைத்தார். அந்தக் கார் துப்பாக்கிக் குண்டைப்போல் வழவழப்பாக அமைந்ததும், ‘புல்லெட்’ என்றே பெயர் பெற்றதும் காற்றின் இந்தக் கணக்கினால்தான்.

இனி நான் பிரித்த மோட்டாருக்கு வருகிறேன். இவ்வகைப் பிரஷ்லெஸ் மோட்டாரில் கம்பிச் சுருள்கள் கூட்டோடு அசையாமல் நிற்க, நடுவிலுள்ள ரோட்டர் என்னும் காந்த உருளை மட்டும் சுழல்கிறது. கைக்கு வந்த ரோட்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, காந்தத்தின் மேல் மஞ்சள் நிறமான நூல் ஒன்று, பம்பரத்தில் சாட்டை சுற்றியதுபோல், ஒன்றையொன்று நெருங்கிய வரிசைகளாக இறுகச் சுற்றப்பட்டுப் பிசினில் தோய்ந்து கண்ணாடிபோல் இறுகியிருந்தது. அது கெவ்லார், 1965இல் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற பெண்மணி கண்டறிந்த, குண்டு துளைக்காத சட்டைகளுக்கு உதவும் அதே இழை. இதற்கு இங்கே என்ன வேலை என்று கணக்குப் போட்டவன், இரவு வெகுநேரம் அந்தக் கணக்கைவிட்டு எழுந்திருக்கவில்லை. மேலே சொன்ன 1650 கேவி மோட்டாருக்கு நிரம்பிய ஆறு செல்களின் 25.2 வோல்ட்டைக் கொடுத்தால் சுமையின்றி நிமிஷத்துக்கு 41,580 சுற்று. ரோட்டரின் விட்டம் 15 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் விளிம்பிலுள்ள பொருள் ஒவ்வொன்றும் தன் எடையைப்போல் ஏறக்குறைய 14,500 மடங்கு விசையோடு வெளியே பாயப் பார்க்கிறது. ஒரு கிராம் காந்தம் பட்டாணியளவுகூட இராது. அது பதினான்கரைக் கிலோ அரிசி மூட்டையின் கனத்தோடு பிய்த்துக்கொள்ள முயல்கிறது. இந்தக் காந்தங்களோ பொடியை அழுத்திச் சுட்டுச் செய்யப்படுவன. பீங்கானைப்போல் நசுக்குதலைத் தாங்குமேயன்றி இழுத்தலைத் தாங்கமாட்டாமல் பொடிந்துபோகும். அந்த மஞ்சள் நூல்தான் அதைச் சிதறாமல் கட்டிவைத்திருக்கிறது. மோட்டார் வாங்கும்போது கேவியைக் கேட்பவர்கள், அதிகபட்சம் எத்தனை சுற்று வரை தாங்கும் என்று தயாரிப்பாளர் குறித்திருக்கும் எண்ணையும் கேட்டு, தங்கள் கேவியை நிரம்பிய வோல்ட்டால் பெருக்கி வருவது அதற்குள் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது மிகவும் அவசியம்.

காந்தத்தின் கதையையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1970களில் வலிமை மிக்க காந்தம் என்றால் சமாரியமும் கோபால்ட்டும் சேர்ந்ததுதான். 1978இல், கோபால்ட் வந்துகொண்டிருந்த ஆப்பிரிக்க நாடான ஜயரில் மூண்ட போரினால் கோபால்ட்டின் விலை வெகுவாக ஏறிவிட்டது. ஜப்பானில் ஃபுஜிட்ஸு நிறுவனத்தில் வேலை பார்த்துவந்த மசாதோ சகாவா, மலிவான இரும்பைக் கொண்டே காந்தம் செய்ய ஏன் முடியவில்லை என்பதைப் பற்றி அதே ஆண்டில் ஒரு சொற்பொழிவைக் கேட்டார். இரும்பின் அணுக்கள் ஒன்றுக்கொன்று அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதே தடை என்று பேச்சாளர் சொல்ல, இடையில் போரான் போன்ற சிறிய அணுவைப் புகுத்தி அவற்றை விலக்கிவைத்தால் என்ன என்ற எண்ணம் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு உதித்தது. அதைப் பின்தொடர்வதற்காகவே வேலையை விட்டு விலகி, 1982இல் சுமிதோமோ ஸ்பெஷல் மெட்டல்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, சில மாதங்களுக்குள் நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த காந்தத்தைச் செய்து முடித்தார். அதே காலத்தில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ஜான் க்ரோட்டும் வேறொரு வழியாக அதையே அடைந்திருந்தார். சகாவாவுக்கு 2022இல் இங்கிலாந்தின் குயின் எலிசபெத் பொறியியல் பரிசு அளிக்கப்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் மோட்டாரிலிருந்து இன்று இரண்டு குதிரைச் சக்தி பெறுகிறோமென்றால் அந்த ஒரு சொற்பொழிவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இந்தக் காந்தத்துக்குப் பெரிய சத்துரு உஷ்ணம். சாதாரண ரகங்கள் 80 டிகிரி செல்ஷியஸைத் தாண்டினால் காந்தத்தை இழக்கத் தொடங்கும். ஆறிய பிறகும் அது திரும்புவதில்லை. டிஸ்ப்ரோசியம் சேர்த்த உயர் ரகங்கள் 150 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆனால் மோட்டாரின் விலைச்சீட்டில் ரகத்தின் பெயர் இருப்பது அபூர்வம். நான் பிரித்த மோட்டார் அவ்விதம் உஷ்ணத்தால் மாண்டதுதான். அது 2200 கேவி. இன்னும் சிறிது வேகம் வேண்டுமென்ற ஆசையால் பினியன் என்னும் மோட்டார் அச்சின் பற்சக்கரத்தில் மூன்று பற்களைக் கூட்டிப் போட்டு, ஆளரவமற்ற தார்ச்சாலையில் ஆறு முறை இடைவிடாமல் ஓட்டினேன். நிறுத்தியபோது கூட்டின்மேல் விழுந்த நீர்த்துளி சீறிக்கொண்டு மறைந்தது. மறுநாள் மேஜையில் வைத்து 7.4 வோல்ட் கொடுத்துச் சுழற்றியபோது எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சி. ஏனெனில் அதன் கீச்சொலி முன்னைவிட உயர்ந்திருந்தது, 16,280 காட்ட வேண்டிய சுற்றுமானி 18,500 காட்டிற்று. காரில் பூட்டியதும் இழுக்கவில்லை. ஒரு நிமிஷத்தில் மறுபடி கொதித்தது. அச்சை விரலால் திருப்பினால் முன்பெல்லாம் படிப்படியாகத் தடுக்கும் அந்தத் துடிப்பும் மழுங்கிப்போயிருந்தது. காந்தம் தளர்ந்தால் கேவி உயரும், முறுக்குவிசை குறையும், அதே வேலைக்கு மிகுந்த மின்னோட்டம் பாயும் என்ற தத்துவத்தைப் பின்னால்தான் யோசித்து உணர்ந்தேன். மேஜையில் வேகமாகச் சுழலும் பழைய மோட்டாரை யாரேனும் விற்க வந்தால், அச்சை ஒரு முறை விரலால் திருப்பிப் பாருங்கள்.

ஆகையால் புதிதாகக் கார் அமைப்பவர் சிறிய பினியனிலிருந்து தொடங்கி, இரண்டு நிமிஷம் ஓட்டி, உஷ்ணமானியை மோட்டாரின் கூட்டில் பிடித்துப் பார்த்து, 80 டிகிரிக்குக் கீழ் நிற்கிற வரையில் ஒவ்வொரு பல்லாக ஏற்றிக்கொண்டு போவதே முறை.

பேட்டரிக்கு இடமில்லாமல் போயிற்று. என் மேஜையில் இப்போது இரண்டு மூன்று-செல் பேட்டரிகள் இருக்கின்றன. இரண்டிலும் 5000 மில்லியாம்பியர்-மணி என்றும் 100சி என்றும் ஒரேமாதிரி அச்சிட்டிருக்கிறது, அதாவது 500 ஆம்பியர் தருமாம். மின்தடையை அளந்தால் ஒன்று செல்லுக்கு 2 மில்லியோம், மற்றொன்று 7. நூறு ஆம்பியர் இழுக்கும்போது முதலாவது 0.6 வோல்ட் சரியும், இரண்டாவது 2.1 வோல்ட் சரிந்து, 210 வாட்டைத் தன் வயிற்றுக்குள்ளேயே உஷ்ணமாக எரிக்கும். அடுத்த வாரம் அந்த இரண்டாவது பேட்டரியிலிருந்து தொடங்குகிறேன்.