சூப் பணக்காரியா?

ஸ்பானியர் ஒருவர் வீட்டில் உங்களுக்கு விருந்து. வீட்டுக்கார அம்மாள் கிண்ணத்தில் சூப்பைக் கொண்டுவந்து வைக்கிறாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "எஸ்தா ரிக்கா!" என்கிறீர்கள். அவள் முகம் மலர்ந்துவிடும். 'ருசியாக இருக்கிறது' என்று அர்த்தம். ஆனால் அகராதியைப் புரட்டினால், 'ரிக்கோ' என்பதற்குப் 'பணக்கார' என்றல்லவா முதலில் போட்டிருக்கிறது! (பெண்பாலுக்கு 'ரிக்கா'. சூப் அங்கே பெண்பால். ஏன் என்று கேட்காதீர்கள்.)

சூட்சுமம் வினைச்சொல்லில் இருக்கிறது. 'எஸ்' என்பது இயல்பைச் சொல்லும். 'எஸ்தா' அப்போதைய நிலையைச் சொல்லும். ஒரு பெண்ணை 'எஸ் ரிக்கா' என்றால் அவள் சொத்துக்காரி. அதே அம்மாளைக் காட்டி 'எஸ்தா ரிக்கா' என்று சொல்லிவைத்தீர்களோ, வந்தது வினை! அவள் அழகை அநாகரிகமாக வர்ணித்ததாகிவிடும். கணவர் பக்கத்தில் இருந்தால் அடுத்த கிண்ணம் சூப் கிடைப்பது சந்தேகம்.

குழந்தையை 'ரிக்கோ' என்று தாராளமாகக் கொஞ்சலாம். நாம் 'என் செல்வமே' என்பதில்லையா?

தேசப்படத்திலும் இந்தச் சொல் ஏறியிருக்கிறது. 1502-இல் கொலம்பஸ் மத்திய அமெரிக்கக் கரைக்கு வந்தபோது, அங்கிருந்தவர்கள் பொன் அணிகள் பூண்டிருந்தார்கள். பொன் கொழிக்கும் பூமி என்ற ஆசை ஸ்பானியருக்குப் பிறந்தது. 'கோஸ்டா ரிக்கா', அதாவது செல்வக் கரை என்ற பெயர் பிற்பாடு நிலைத்தது. நம்பிக் குடியேறியவர்களுக்கோ பொன் அகப்படவில்லை. ஸ்பெயினின் பரம ஏழைக் குடியேற்றங்களில் ஒன்றாகவே அது நெடுங்காலம் கிடந்தது. 19-ஆம் நூற்றாண்டில்தான் பணம் புரளத் தொடங்கியது. பொன்னால் அல்ல, காப்பியால்!

அந்தக் காப்பியை உறிஞ்சிவிட்டு என்ன சொல்வார்கள்? "எஸ்தா ரிக்கோ!" காப்பி ஆண்பாலாம்.