நீளும் நாய்க்கயிறும் நெரிசலான வீதியும்

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களின் பொதிகளில் முன்பெல்லாம் சொக்கிலேற், சவர்க்காரம், பிள்ளைகளுக்கு உடுப்பு என்பனவே இருக்கும். இப்போது வீட்டு நாய்க்கும் ஏதாவது ஒன்று வந்து சேருகின்றது. அவற்றுள் ஒன்றுதான் கைப்பிடிக்குள் தானாகவே சுருண்டுகொள்ளும் நாய்க்கயிறு. கொழும்பில் செல்லப்பிராணிகளுக்கான பொருட்கள் விற்கும் கடைகளிலும் இதனை வாங்கலாம்.

பார்ப்பதற்கு இது மிகவும் வசதியான பொருள். நாய் விரும்பிய தூரம் ஓடலாம், கயிறு நிலத்தில் இழுபடாது, கையில் சிக்காது என்று எண்ணத் தோன்றும். ஆனால் சந்தை, பேருந்து நிலையம், கோயில் வீதி போன்ற சனநெரிசலான இடங்களில் இந்த வசதியே ஆபத்தாக மாறிவிடுகின்றது. ஊன்றுகோலுடனும் செயற்கைக் காலுடனும் நடமாடும் சகோதரிகள் நிறைந்த எமது ஊர்களில் இதைப்பற்றிப் பேசவேண்டிய தேவை இருக்கின்றது.

இது எப்படி வேலை செய்கிறது?

ஜேர்மனியில் 1973ஆம் ஆண்டு மன்பிரெட் போக்டான் என்பவர் தொடங்கிய பிளெக்சி நிறுவனமே இவ்வகைக் கயிற்றை உலகெங்கும் பரவச் செய்தது. இன்று பல நாடுகளில் பல நிறுவனங்கள் இதனைத் தயாரிக்கின்றன.

மேசன்மார் வைத்திருக்கும் அளவு நாடாவைப் பார்த்திருப்பீர்கள். இழுத்தால் வெளியே வரும், விட்டால் சடாரென உள்ளே ஓடும். இந்தக் கயிறும் அதே மாதிரியானதுதான். பிளாஸ்ரிக் கைப்பிடிக்குள் ஒரு சுருள்வில் இருக்கும். நாய் முன்னே போனால் கயிறு நீளும். நாய் திரும்பி வந்தால் கயிறு உள்ளே சுருளும். நிறுத்துவதற்குக் கைப்பிடியில் ஒரு பொத்தான் உண்டு. நீளம் வழக்கமாக 3 மீற்றரிலிருந்து 8 மீற்றர் வரை இருக்கும். சிலவற்றில் அகலமான நாடாவும் சிலவற்றில் மெல்லிய நூற்கயிறும் இருக்கும். மெல்லிய கயிறே கூடுதல் ஆபத்தானது.

சாதாரணக் கயிற்றில் நாய் இழுத்தால் அதற்கு மேல் போக முடியாது. இதிலோ இழுக்க இழுக்கக் கயிறு கிடைக்கின்றது. ஆகவே இழுத்தால் பலன் உண்டு என்பதையே நாய் பழகிக்கொள்கிறது. வேகமாக ஓடிய நாய் கயிறு முடியும் இடத்தில் திடீரென நிற்கும்போது, அதன் கழுத்துக்கும் அதிர்ச்சி, பிடித்திருப்பவரின் தோளுக்கும் அதிர்ச்சி. கைப்பிடி கைநழுவி விழுந்தால் அது சத்தத்துடன் நாயின் பின்னாலேயே இழுபட்டுச் செல்லும். ஏதோ துரத்துகிறது என்று மிரண்ட நாய் வீதியென்றும் பாராமல் ஓடும்.

ஒழுங்கையை விட நீளமான கயிறு

எமது ஒழுங்கைகள் பலவற்றின் அகலம் 5 மீற்றருக்கும் குறைவு. அப்படியானால் 5 மீற்றர் கயிற்றில் போகும் நாய், ஒழுங்கையின் இந்தக் கரையில் நிற்பவரின் கையில் இருந்துகொண்டே அந்தக் கரைக்குப் போய்விடும். நடுவில் முழங்கால் உயரத்தில் ஒரு மெல்லிய கயிறு இழுபட்டு நிற்கும். பொழுது சாயும் நேரத்தில் சைக்கிளில் வரும் பெண்ணுக்கு ஆளும் தெரியும், நாயும் தெரியும், இடையில் உள்ள கயிறு தெரியாது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஓடத் தொடங்கிய நடுத்தர நாய் ஒரு செக்கனில் 5 மீற்றரை இலகுவாகக் கடந்துவிடும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் அதே ஒரு செக்கனில் 11 மீற்றர் வந்துவிடும். ஆபத்தைக் கண்டு, பெருவிரலால் பொத்தானை அமத்துவதற்கே ஏறக்குறைய ஒரு செக்கன் போய்விடும்.

கால் அறியாத கயிறு

போரின் இறுதி மாதங்களில் முழங்காலுக்குக் கீழே இடது காலை இழந்தவள் நான். செயற்கைக் காலுடன் நடக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் தங்கியிருந்தபோது, வெள்ளவத்தையில் கடற்கரையோர வீதியில் மாலை நேரம் மகளுடன் நடந்துகொண்டிருந்தேன். எதிரே ஓர் இளைஞர் தொலைபேசியில் கதைத்தபடி நாயுடன் வந்தார். நாய் எங்களைக் கடந்து மதிலோரமாகப் போனது. அவர் மறுபுறம் நின்றார். கயிறு எனது செயற்கைக் காலின் குறுக்கே வந்து பட்டது.

சொந்தக் காலில் கயிறு பட்டால் உடனே தெரியும். கால் தானாகவே நின்றுவிடும். செயற்கைக் காலுக்கு அந்த உணர்வு இல்லை. நான் அடுத்த அடியை எடுத்து வைத்தேன். கயிறு இறுகியது. மகள் பிடிப்பதற்குள் வலது கையை ஊன்றி விழுந்துவிட்டேன். மணிக்கட்டில் என்பு முறிவு. ஆறு வாரங்கள் கையில் பத்துக் கட்டியிருந்தார்கள். நான் தையல் வேலை செய்பவள். அந்த ஆறு வாரமும் மெசினில் உட்கார முடியவில்லை. பாடசாலைச் சீருடைக்கென எடுத்திருந்த துணிகளை வேறொருவரிடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்தத் தம்பி நல்லவர். பதறிப்போய் என்னைத் தூக்கிவிட்டார். "இவன் ஒருத்தரையும் கடிக்கமாட்டான் அன்ரி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மைதான். அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றது. ஆனால் என்னை விழுத்தியது நாயின் குணமல்ல, கயிற்றின் நீளம். பலரும் இதைத்தான் விளங்கிக்கொள்வதில்லை.

முழங்காலுக்கு மேலே கால் இழந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். செயற்கை முழங்கால் மடங்கிவிட்டால் அவர்களால் சமாளித்து நிற்க முடியாது. வெள்ளைப் பிரம்புடன் நடப்பவர்களின் பிரம்பில் இந்தக் கயிறு தட்டுப்படுவதும் அரிது, ஏனெனில் பிரம்பு நிலத்தைத் தடவுகிறது, கயிறோ மேலே நிற்கிறது. என்பு பலம் குறைந்த வயோதிப மாதர் விழுந்தால் இடுப்பு என்பு முறிவு வரை போகலாம்.

காயப்படுவோரில் பெண்களே அதிகம்

அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 2001 முதல் 2020 வரையான 20 ஆண்டுகளில், நாயைக் கயிற்றில் கொண்டு நடந்தபோது காயமடைந்து அந்நாட்டின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த வளர்ந்தோரின் எண்ணிக்கையை அவர்கள் ஏறக்குறைய 4 இலட்சத்து 22 ஆயிரம் என மதிப்பிட்டனர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். விரல் முறிவு, தலையில் அடி, தோள் சுளுக்கு ஆகிய மூன்றுமே அதிகமாகக் காணப்பட்ட காயங்கள். இந்த எண்ணிக்கை எல்லா வகைக் கயிறுகளுக்கும் உரியது. ஆனால் நீளும் கயிறு இந்தக் காயங்களுக்கு மேலும் சிலவற்றைச் சேர்க்கின்றது.

நாய் திடீரென ஓடும்போது பலரும் பதற்றத்தில் கயிற்றையே கையால் எட்டிப் பிடிக்கிறார்கள். ஓடும் மெல்லிய கயிறு உள்ளங்கையை நெருப்புச் சுட்டது போல உரித்துவிடும். விரலில் ஒரு சுற்று விழுந்திருந்தால் விரலே துண்டாகிவிடலாம். அவ்வாறு விரல் இழந்தவர்களும் உண்டு. கயிற்றைத் தொடவேண்டாம், கையில் சுற்றவேண்டாம் என்று தயாரிப்பாளர்களே தமது அறிவுறுத்தல் தாளில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் உள்ள அந்தத் தாளைப் பொதியுடன் எறிந்துவிடுவதே எமது வழக்கம்.

கொளுக்கியும் கவனிக்க வேண்டிய ஒன்று. 2008இல் அமெரிக்காவில் ஒருவகை நீளும் கயிறு 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் திருப்பி எடுக்கப்பட்டது. உலோகக் கொளுக்கி உடைந்து, சுருள்வில்லின் விசையில் பிடித்திருப்பவரை நோக்கிப் பாயக்கூடும் என்பதே காரணம். முகத்திலோ கண்ணிலோ பட்டால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிற நாடுகளில் என்ன விதி?

எமது மக்கள் பெருமளவில் வாழும் ரொறன்ரோ மாநகரில், பொது இடத்துக்கு நாயைக் கொண்டு செல்லும் கயிறு 2 மீற்றருக்கு மேற்படக் கூடாது என்பது சட்டம். பிரித்தானியாவின் வீதி ஒழுங்கு நூல், நடைபாதையிலும் வீதியிலும் நாயைக் கட்டையான கயிற்றிலேயே வைத்திருக்கும்படி கூறுகின்றது. ஆகவே "வெளிநாட்டுச் சாமான், பிழையாக இராது" என்று எண்ணுவது சரியல்ல. அந்த நாடுகளிலேயே நெரிசலான இடத்தில் அதை முழு நீளத்துக்கு விட இடமில்லை.

நாங்களே தைக்கலாம்

பொது இடத்துக்கு ஏற்றது 4 முதல் 6 அடி வரையான, நீளாத, தட்டையான கயிறு. தும்புக் கயிறு கையை உராயும், மெல்லிய நைலோன் கயிறு கையை அறுக்கும். பாடசாலைப் பைகளுக்குப் போடும் ஓர் அங்குல வார் இதற்கு மிகவும் பொருத்தமானது. தையல் மெசின் உள்ள சகோதரிகள் இதனை அரை மணித்தியாலத்தில் தைத்துவிடலாம்.

வாரில் 6 அடி வெட்டி, இரு முனைகளையும் நெருப்பில் இலேசாகக் காட்டி நூல் பிரியாமல் செய்யுங்கள். ஒரு முனையை 9 அங்குலம் மடித்து, கை நுழையும் அளவுக்கு வளையம் விட்டு, கடைசி 2 அங்குலத்தைச் சதுரமாகத் தையுங்கள். சதுரத்தின் மூலைக்கு மூலை குறுக்காகவும் இரண்டு தையல் போடுங்கள். மறுமுனையில் பலமான உலோகக் கொளுக்கியைக் கோத்து, 4 அங்குலம் மடித்து அதேபோல் தையுங்கள். ஏறக்குறைய 5 அடிக் கயிறு கிடைக்கும். பின்னர் கொளுக்கியை யன்னல் கம்பியில் மாட்டி உங்கள் முழுப் பலத்துடன் இழுத்துப் பாருங்கள். தையல் விட்டுக்கொடுத்தால் தடித்த நூலால் மீண்டும் தையுங்கள். பை தைக்கும் பெண்கள் குழுக்கள் இதனையும் ஒரு விற்பனைப் பொருளாகச் செய்யலாம்.

வெளியே கொண்டு செல்லும்போது

நீளும் கயிறு ஏற்கெனவே வீட்டில் இருந்தால் எறியத் தேவையில்லை. ஆட்களும் வாகனங்களும் இல்லாத திறந்த வெளியில் மட்டும் பாவியுங்கள். வீதிக்கு வந்தால் கயிற்றைக் கட்டையாக்கிப் பூட்டிவிடுங்கள். கயிறு பிய்ந்திருக்கிறதா, கொளுக்கி வெடித்திருக்கிறதா, பொத்தான் சரியாகப் பிடிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இக்கயிற்றைச் சிறுபிள்ளைகளின் கையில் ஒருபோதும் கொடுக்க வேண்டாம்.

எந்தக் கயிறானாலும் விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றாதீர்கள். நாயை வாகனம் போகும் பக்கத்தில் விடாமல் மறுபக்கத்தில் வைத்திருங்கள். சந்தைக்கும் திருவிழாவுக்கும் நாயைக் கூட்டிச் செல்லாமல் விடுவதே மேல்.

வேறொருவர் நீண்ட கயிற்றுடன் வந்தால் பேசாமல் ஒதுங்கிப் போகவேண்டும் என்றில்லை. "தம்பி, கயிறைக் கொஞ்சம் கட்டையாப் பிடியுங்கோ, எனக்குக் கால் ஏலாது" என்று சொல்லுங்கள். பெரும்பாலானோர் உடனே கேட்பார்கள். ஏலாமையைச் சொல்வதில் வெட்கமில்லை.

காயம் ஏற்பட்டால்

கயிறு உராய்ந்து தோல் உரிந்தால் ஓடும் சுத்தமான நீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். விரல் நசிந்தால் வீங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். இரத்தம் ஓடினால் துணியை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். விரல் துண்டானால் அதனை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டு இறுக்கக் கட்டி, அந்தப் பையை ஐஸ்கட்டியின் மேல் வைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. ஏற்பு ஊசி தேவையா என்றும் வைத்தியரிடம் கேளுங்கள்.

கயிற்றில் சிக்கி மிரண்ட நாய், சாதுவான நாயாக இருந்தாலும், கடிக்கக்கூடும். பல்லோ நகமோ பட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது, ஆனால் உரிய காலத்தில் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுத்துவிடலாம். அந்தத் தடுப்பூசி அரச வைத்தியசாலைகளில் இலவசம். வீட்டு நாய்க்கும் ஆண்டுதோறும் தவறாமல் தடுப்பூசி போடுவியுங்கள்.

அன்பான சகோதரிகளே, நாய் எமது வீட்டுக்குக் காவல். தனித்து வாழும் பெண்கள் பலருக்கு இரவில் அதுவே துணை. அதை வளர்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வீதி எல்லோருக்கும் பொதுவானது. ஊன்றுகோலுடன் வருபவருக்கும், தலையில் கடகம் சுமந்து வருபவருக்கும், கைக்குழந்தையுடன் பேருந்துக்கு ஓடுபவருக்கும் அங்கே இடம் வேண்டும். 5 அடிக் கயிறு நாய்க்குப் போதும். மிகுதி இடத்தை நடந்து போகிறவர்களுக்கு விட்டுவிடுவோம்.