எழுதி முடிக்கும் முன் பிடுங்காதீர்கள்

பென் டிரைவைக் கெடுப்பதில் அவசரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கெட்ட பிறகு உள்ளே இருப்பதை அடியோடு தொலைப்பதும் அதே அவசரம்தான்.

ஹைதராபாத்தின் கிழக்கே, ஹப்சிகூடாவிலிருந்து ஈ.சி.ஐ.எல். போகும் வழியில் இருக்கிறது நாச்சாரம். ஒரு பக்கம் தொழிற்பேட்டை, மறுபக்கம் நெருக்கமான குடியிருப்புகள். சில கிலோமீட்டர் தள்ளி உஸ்மானியா பல்கலைக்கழகம். உள்நாட்டிலேயே உருவான ஆரம்ப காலக் கம்ப்யூட்டர்களில் ஒன்றான டி.டி.சி.-12ஐத் தயாரித்தது, 1967ல் தொடங்கப்பட்ட ஈ.சி.ஐ.எல். நிறுவனம்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு இவ்வளவு பழகிய வட்டாரத்திலும் பென் டிரைவைக் கையாளும் விதம் மற்ற ஊர்களைப் போலத்தான்: செருகு, ஏற்று, பிடுங்கு.

பட்டறையில் வரைந்த பாகத்தின் புரோகிராம் சி.என்.சி. மெஷினுக்குப் போவது பென் டிரைவில். மாணவரின் ஆய்வேடு பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போவதும், கல்யாண வீட்டுப் படங்கள் ஸ்டூடியோவிலிருந்து ஆல்பம் அச்சிடும் இடத்துக்குப் போவதும் அதில்தான். கடையில் கூட்டம் நெருக்க, வேலை முடிந்ததும் யாரோ வெடுக்கென்று உருவிக் கையில் கொடுக்கிறார். அடுத்த இடத்தில் செருகினால் திரையில் ஓர் அறிவிப்பு: டிரைவை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா? டிரைவின் விலை சில நூறு ரூபாய். உள்ளே இருப்பது மூன்று வருட உழைப்பாக இருக்கலாம்.

இந்தப் பொருளுக்கு வயது கால் நூற்றாண்டுக்குச் சற்று அதிகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம் இதன் உடல். 1996ல் வெளியான யூ.எஸ்.பி. இதன் வாய். யூ.எஸ்.பி.யை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் பரோடாவில் படித்த அஜய் பட். 2000ல் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் ‘தம் டிரைவ்’ என்று விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஐ.பி.எம். விற்ற டிரைவின் கொள்ளளவு வெறும் 8 மெகாபைட். அதுவே ஐந்து ஃபிளாப்பிகளுக்குச் சமம் என்று அன்று வியந்தார்கள்.

திரையில் முடிந்தது, உள்ளே முடியவில்லை

ஃபைலை நகலெடுக்கும்போது அது நேராக டிரைவுக்குப் போய்விடுகிறது என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை. டிரைவ் மெதுவாக எழுதும். கம்ப்யூட்டருக்கோ காத்திருக்கப் பொறுமை இல்லை. எனவே எழுத வேண்டியதைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, திரையில் ‘முடிந்தது’ என்று காட்டிவிட்டு, பின்னால் நிதானமாக எழுதுகிறது. லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இதைக் கண்ணாலேயே காணலாம்: நகலெடுக்கும் கோடு சட்டென்று நிரம்பிவிடும், ஆனால் டிரைவை வெளியேற்றச் சொன்னால் நிமிடக் கணக்கில் காத்திருக்கச் சொல்லும்.

அந்த இடைவெளியில் பிடுங்கினால் என்ன ஆகும்? ஒரு ஃபைல் பாதியில் நிற்பதோடு போனால் அதிர்ஷ்டம். டிரைவில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. புத்தகத்தின் பொருளடக்கம் போல. அது எழுதப்படும்போது மின்சாரம் அறுந்தால், பக்கங்கள் அப்படியே இருக்க, பொருளடக்கம் மட்டும் கிழிந்த புத்தகம் ஆகிவிடுகிறது டிரைவ். ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்ற கேள்வி வருவது பெரும்பாலும் இந்த நிலையில்தான்.

இதைவிட மோசமான சேதமும் உண்டு. டிரைவுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் என்ற சிறு சிப், எந்தத் தகவல் எந்த நினைவறையில் கிடக்கிறது என்று தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஃபிளாஷ் நினைவகத்தில் ஓர் இடத்தை மட்டும் அழித்து எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியையே அழிக்க வேண்டும். அதனால் கன்ட்ரோலர் தகவலை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கு கெட்டால் டிரைவின் அளவே பூஜ்யம் என்று காட்டும். வீட்டில் இருக்கும் எந்த மென்பொருளும் அதற்கு உதவாது.

எப்படி எடுப்பது?

விண்டோஸில் திரையின் கீழ் வலது மூலையில் உள்ள சின்னத்தை அழுத்தி, டிரைவை வெளியேற்றும் கட்டளையைத் தர வேண்டும். ஆப்பிள் கம்ப்யூட்டரிலும் லினக்ஸிலும் ‘எஜெக்ட்’. ஆண்ட்ராய்டு போனில் ஸ்டோரேஜ் பகுதியில் அதே கட்டளை. மிச்சம் மீதி எழுத வேண்டியதை எழுதி, திறந்திருக்கும் ஃபைல்களை மூடிவிட்டு, எடுக்கலாம் என்று கம்ப்யூட்டர் சொல்வதற்கே இந்த ஏற்பாடு.

2018ல் வந்த விண்டோஸ் 10ன் 1809 பதிப்பிலிருந்து, எழுதுவதைத் தள்ளிப்போடாத ‘விரைவாக நீக்கும்’ முறையே இயல்பான அமைப்பு. இதை வைத்து, இனி எந்தச் சடங்கும் வேண்டாம் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் எந்த முறையும் காப்பாற்றாது. தவிர, கடையில் இருப்பது எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு என்று வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்?

‘டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது’ என்று மறுத்தால் வேர்டு, எக்ஸெல், ஃபோல்டர் ஜன்னல்களை மூடிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எடுக்கலாம். வெளியேற்றும் கட்டளையே இல்லாத பட்டறை மெஷின்களில், டிரைவின் விளக்கு சிமிட்டுவது நின்ற பிறகும் சில விநாடி பொறுப்பது நல்லது.

கெட்ட பிறகு

நாச்சாரத்திலிருந்து சில கிலோமீட்டரில், ராமந்தாபூரில் இருக்கிறது மத்திய தடய அறிவியல் ஆய்வகம். வழக்குகளில் சிக்கிய டிஜிட்டல் சாதனங்களை ஆராய்வதும் இத்தகைய ஆய்வகங்களின் வேலை. தடயவியல் துறையில் ஒரு பென் டிரைவைத் தொடும்போது முதல் விதி, அதில் ஒரு எழுத்துகூட எழுதப்படக் கூடாது என்பது. அதற்கெனத் தடுப்புக் கருவி உண்டு. முழு டிரைவையும் பிரதியெடுத்து, ஆராய்ச்சியைப் பிரதியில் செய்வார்கள். அசலும் பிரதியும் ஒன்றே என்பதற்கு ‘ஹாஷ்’ என்ற எண் சாட்சி; ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். 2024 ஜூலை 1ல் அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டம், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழிலேயே இந்த எண்ணைக் கேட்கிறது.

சாதாரண மனிதருக்கும் பாடம் இதுதான்: கெட்ட டிரைவில் எதையும் எழுதாதீர்கள். ஃபார்மட் செய்யட்டுமா என்ற கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். வேறு துளையில், வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். சில சமயம் கோளாறு துளையில்தான் இருக்கும். அப்போதும் திறக்காவிட்டால் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. மீட்ட ஃபைல்களை வேறு டிரைவில்தான் சேமிக்க வேண்டும். ஃபோட்டோரெக் பொருளடக்கத்தை நம்பாமல் பக்கம் பக்கமாகத் தேடுவதால் ஃபைல்களின் பெயர் திரும்பக் கிடைக்காது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் பொறுமை தேவை.

பலரும் உடனே ஓட்டிப் பார்க்கும் விண்டோஸின் ‘செக் டிஸ்க்’ கட்டளை, அட்டவணையைத் திருத்தும்போது டிரைவிலேயே எழுதுகிறது. டிரைவில் முக்கியமானது எதுவும் இல்லை என்றால் தாராளமாக ஓட்டலாம். இருந்தால் பிரதியெடுத்த பிறகே ஓட்ட வேண்டும். ஃபார்மட், கடைசிப் படி. அளவு பூஜ்யம் என்று காட்டும் டிரைவை, அல்லது உடைந்ததை, தகவல் மீட்கும் நிபுணரிடம் தருவது ஒன்றே வழி. கூலி டிரைவின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும்.

எல்லாம் ஒரே நோய் அல்ல. ஃபைல்கள் மறைந்து, எல்லாம் ‘ஷார்ட்கட்’டாகத் தெரிந்தால் அது வைரஸின் வேலை, ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேயே ஒளிந்திருக்கும். வைரஸை நீக்கிவிட்டு அவற்றை வெளிக்கொண்டுவரலாம். சினிமாவை ஏற்றும்போது இடம் இருந்தும் மறுத்தால், ஒரு ஃபைல் 4 ஜிகாபைட்டைத் தாண்டக் கூடாது என்ற ஃபேட் 32 முறையின் வரம்பாக இருக்கலாம். மலிவாக வாங்கிய ‘1 டெராபைட்’ டிரைவில் ஏற்றியது திறக்கவில்லையென்றால் கொள்ளளவே போலியாக இருக்கக்கூடும். எஃப்3 போன்ற இலவச மென்பொருளால் அதை வாங்கியவுடன் சோதித்துவிடலாம்.

எத்தனை கவனமாக எடுத்தாலும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு ஆயுள் உண்டு. அழித்து எழுத எழுத அறைகள் தேயும். வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் மின்னூட்டம் கசியும். பென் டிரைவ் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குச் சரக்கு ஏற்றிப்போகும் வண்டி. சரக்கைக் கிடங்கில் இறக்காமல் வண்டியிலேயே வைத்திருக்கும் வியாபாரி யாரும் இல்லை. ஆய்வேடானாலும் கல்யாணப் படமானாலும் இன்னொரு பிரதி வீட்டுக் கம்ப்யூட்டரிலும் மற்றொன்று வேறோர் இடத்திலும் இருந்துவிட்டால், கடைக்காரர் வெடுக்கென்று பிடுங்கினாலும் போவது சில நூறு ரூபாயோடு போகும்.